பெங்களூரில் குழந்தைகளோடு பெரியவர்களும் சேர்ந்து செய்யும் கலை வகுப்புகள் எங்கே இருக்கின்றன?

குந்தலஹள்ளிக்காரி எழுதியது:

வணக்கம். திருநெல்வேலியை விட்டு பெங்களூருக்கு வந்து குந்தலஹள்ளியில் குடியிருக்கிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். கணவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறுதான் குடும்பமாக இருக்கக் கிடைக்கிற நேரம்.

மகளுக்கு ஓவியத்தில் ஆசை அதிகம் என்று பக்கத்தில் ஒரு வகுப்பில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். பெற்றோர் உள்ளே வரக் கூடாது. வாசலில் விட்டுவிட்டுப் போய், வகுப்பு முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்ள வேண்டும். வாராவாரம் ஒரு படம் வீட்டுக்கு வரும். போன வாரம் வந்தது ஒரு மயில். தோகையில் இருந்த கண்கள் அத்தனையும் ஒரே அளவு, ஒரே வளைவு. "நீயா வரைந்தாய்?" என்று கேட்டேன். "மிஸ் வரைந்து தந்தார், நான் கோட்டுக்கு வெளியே போகாமல் நிறம் அடித்தேன்" என்றாள். அந்தப் படத்தில் அவளுடைய கை எங்கே இருக்கிறது என்று தேடினேன். கால் நகத்தில் மட்டும் ஆரஞ்சு நிறம் கொஞ்சம் வழிந்திருந்தது. அது ஒன்றுதான் அவள் செய்தது.

எனக்கு வேண்டியது வேறு. குழந்தைகளும் நாங்களும் ஒரே தரையில் உட்கார்ந்து ஏதாவது செய்ய வேண்டும். நாடகமோ, பொம்மையோ, களிமண்ணோ, பாட்டோ, எதுவானாலும் சரி. மாமியாருக்குக் கன்னடமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவரை ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜே.பி. நகர் நாடக ரசிகை எழுதியது:

நாடகத்தில் தொடங்குங்கள் அக்கா. எங்கள் பகுதியில் ரங்கசங்கரா இருக்கிறது. நடிகர் சங்கர் நாக் 1990இல் சாலை விபத்தில் இறந்த பிறகு, அவர் மனைவி அருந்ததி நாக் ஆண்டுக்கணக்கில் அலைந்து பணம் திரட்டி 2004இல் திறந்த அரங்கம் அது. திங்கட்கிழமை தவிர எந்த நாள் போனாலும் ஏதாவது ஒரு நாடகம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. குழந்தைகளுக்கென்றே 'ஆஹா!' என்று தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் குழுக்களும் வந்து ஆடும் சிறுவர் நாடக விழா அதில் ஒன்று. கோடை விடுமுறையில் பயிலரங்குகளும் உண்டு.

அங்கே மேடை பார்வையாளர்களுக்குள் நீண்டிருக்கும். மூன்று பக்கமும் இருக்கைகள். நடிகரின் நெற்றி வியர்வை தெரியும். நான் பார்த்த ஒரு சிறுவர் நாடகத்தில் இரண்டு பேர் ஒரு நீலத் துணியின் இரு முனைகளைப் பிடித்து அசைத்தார்கள். ஆறு வந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த சிறுவன் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கை மேல் வைத்துக்கொண்டான். இதற்கு மொழி எதற்கு? உங்கள் மாமியார் தாராளமாக வரலாம்.

ஜே.பி. நகர் ஏழாவது ஃபேஸில் 2019இல் திறந்த இந்திய இசை அருங்காட்சியகம் இருக்கிறது. 'இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்' என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். உள்ளே இசைக்கருவிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து அலுத்த குழந்தைகளை வெளியே இருக்கும் ஒலித் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே எல்லாவற்றையும் தட்டலாம், தேய்க்கலாம், யாரும் அதட்ட மாட்டார்கள்.

தாளக்கட்டு எழுதியது:

சகோதரியின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மல்லேஸ்வரத்தில் மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறேன். தா, தீ, தொம், நம் என்ற நான்கு சொற்கள் கையில் சுத்தமாக விழுவதற்கே மாதங்கள் ஆகும். வார இறுதிப் பயிலரங்குகளில் இரண்டு மணி நேரம் தட்டிவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வாரம் களிமண், அடுத்த வாரம் நாடகம், அதற்கடுத்த வாரம் முகமூடி என்று அலைந்தால் எதுவும் தங்காது. கலை என்றால் சாதகம், அதாவது விடாத பயிற்சி. அலுப்பைத் தாண்டிப் போகப் பழகுவதும் அதில் அடக்கம்.

பெற்றோரை ஏன் வெளியே உட்காரச் சொல்கிறோம் தெரியுமா? அம்மா உள்ளே இருந்தால் பிள்ளை என் கையைப் பார்க்காது, அம்மா முகத்தைத்தான் பார்க்கும். சரியாக வாசித்தோமா என்ற தீர்ப்பு அங்கேதான் எழுதியிருக்கும்.

ஓவியம் வாத்தியார் எழுதியது:

தாளக்கட்டு ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கடைசி வரி அத்தனையும் உண்மை. ஆனால் சங்கீதம் வேறு, ஏழு வயதின் ஓவியம் வேறு. மிருதங்கத்தில் குருவின் கையைப் பார்த்து அப்படியே செய்வதுதான் வழி. ஓவியத்தில் அந்த வயதுக்கு அது விஷம்.

ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஏழெட்டு வயதுப் பிள்ளை வரைந்ததைக் கவனித்துப் பாருங்கள். வானம் மேலே ஒரு நீலப் பட்டை, தரை கீழே ஒரு பச்சைப் பட்டை, நடுவில் வெறும் வெள்ளை. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் சுவரைத் தாண்டி வெளியே தெரியும். யார் முக்கியமோ அவர் உருவம் பெரியது. உலகம் முழுவதும் குழந்தைகள் ஏறக்குறைய இப்படித்தான் வரைகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். அந்தப் பருவத்தில் ஆசிரியர் பென்சிலை எடுத்து அந்தத் தாளில் ஒரு கோடு போட்டாலும் பிள்ளை அடுத்த தடவை தானாகப் போடாது, "நீங்களே போட்டுத் தாருங்கள்" என்று நீட்டும்.

சேர்க்கும் முன் வகுப்பின் சுவரைப் பாருங்கள் அம்மா. பத்துப் பிள்ளைகளின் மயிலும் ஒரே மயிலாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். திருத்தும்போது ஆசிரியர் தன் கோட்டைத் தனித் தாளில் போட்டுக் காட்டுகிறாரா, பிள்ளையின் தாளிலேயே போடுகிறாரா என்று பாருங்கள். அது ஒன்று போதும்.

சித்ரகலா பரிஷத்துக்குப் போனீர்களா? 1960இல் தொடங்கியது. கலைக்கல்லூரி, காட்சிக்கூடங்கள், உள்ளே மரத்தடிகள். அங்கே கர்நாடகத்தின் பழைய தோல்பாவைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எம்.எஸ். நஞ்சுண்ட ராவ் ஊர் ஊராகத் தேடிச் சேகரித்தவை. உங்கள் மாமியார் தோல்பாவைக் கூத்துப் பார்த்து வளர்ந்தவராக இருந்தால் அந்த அறையில் அவர்தான் வழிகாட்டி. ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமர கிருபா சாலை முழுவதையும் மூடி 'சித்திரச் சந்தை' நடத்துகிறார்கள். நாடு முழுவதிலிருந்தும் ஓவியர்கள் வந்து நடைபாதையில் கடை விரிப்பார்கள். கட்டணம் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் நடக்க இடம் இருக்காது. வாங்குவதைவிட வரைவதைப் பார்க்க நில்லுங்கள். எண்ணெய் வண்ணத்தைத் தூரிகை இல்லாமல் கத்தியால் இழுத்து மலை செய்கிறவரை ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், வீட்டுக்கு வந்து கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

லிங்கராஜபுரம் எழுதியது:

எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் டெலிவரி வேலை செய்கிறேன். மனைவி இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம், அதற்கு மேல் பொருள் செலவு, போக வர ஆட்டோ. பயிலரங்கு விளம்பரங்களைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எங்கள் ஒரு வாரத்து மளிகை. என் மகனும் நன்றாகத்தான் வரைகிறான். அவனைப் போன்றவர்களுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?

அல்சூர்வாசி எழுதியது:

தம்பி, இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே இதுதான்.

கப்பன் பார்க்கில் ஜவகர் பால பவன் இருக்கிறது. பொம்மை ரயில் என்றால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது அரசு நடத்தும் குழந்தைகள் கலை மையம் என்பது பலருக்குத் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை முகாம் நடக்கும். ஓவியம், களிமண், நடனம் எல்லாம் உண்டு. தனியார் முகாம்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் விண்ணப்பத்தை மார்ச் மாதமே நேரில் போய் விசாரித்துவிடுங்கள். இடம் நிரம்பிய பிறகு மன்றாடிப் பயனில்லை.

அரண்மனைச் சாலையில் தேசிய நவீன கலைக்கூடம் இருக்கிறது. சுரங்கத் தொழிலில் செல்வம் சேர்த்த மாணிக்கவேலு முதலியாரின் பழைய மாளிகையில் 2009இல் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் 20 ரூபாய்தான். திங்கள் விடுமுறை. உள்ளே எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டாம். ஒரு அறை, அதில் இரண்டு படம் போதும். மகன் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த படத்தின் ஒரு மூலையை மட்டும் பார்த்து வரையச் சொல்லுங்கள். பென்சிலுக்கு அனுமதி உண்டா என்று வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே பெரிய மரங்கள் இருக்கின்றன, கட்டுச்சோற்றோடு போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்குள் வாகனம் விடுவதில்லை. அந்தச் சாலையில் சாக்கட்டியால் கோலம் போடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் 'கப்பன் ரீட்ஸ்' என்று புல்தரையில் பாய் விரித்து அவரவர் புத்தகத்தைச் சத்தமில்லாமல் படிக்கும் கூட்டம் 2023 முதல் நடக்கிறது. காசு, பதிவு, உறுப்பினர் அட்டை எதுவும் வேண்டாம்.

தமிழ்ப் படக்கதை வேண்டுமானால் செல்போனே போதும். பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளையே புதுக்கதை எழுதவும் அங்கே வழி இருக்கிறது.

லிங்கராஜபுரம் எழுதியது:

நன்றி அண்ணா. பால பவன் முகாம் பற்றி எனக்குத் தெரியாது. மார்ச் முதல் வாரம் விடுப்புப் போட்டுப் போய்க் கேட்கிறேன்.

மழலைத்தந்தை எழுதியது:

என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. 9 வயது. பெற்றோர் வெளியே நிற்க வேண்டும் என்ற விதியால் எங்களுக்கு எத்தனையோ கதவுகள் மூடியிருக்கின்றன. நான் பக்கத்தில் இல்லாமல் அவனால் புது இடத்தில் உட்கார முடியாது. பசை விரலில் ஒட்டினால் அழுவான். ஆனால் நிறத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னால் ஒரு மணி நேரம் செய்வான். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது?

ஜே.பி. நகர் நாடக ரசிகை எழுதியது:

கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த 'மேப்' என்ற கலை, புகைப்பட அருங்காட்சியகத்தை முயன்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வசதியாக இருக்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலிருந்தே மனத்தில் வைத்து நடத்துகிறார்கள். தொட்டுப் பார்க்கக்கூடிய படைப்புகளும் இருக்கின்றன. குழந்தைகள் பயிலரங்குக்குப் பதிவு செய்யும் முன் அழைத்து, மகனுக்கு எது பிடிக்கும், எது ஒத்துவராது என்று சொல்லிவிடுங்கள். வார நாள் காலை என்றால் கூட்டமும் குறைவு, சத்தமும் குறைவு. நான் முன்பு சொன்ன ஒலித் தோட்டம் திறந்தவெளி. சத்தம் அதிகமானால் பத்தடி நகர்ந்துவிடலாம், மூடிய அறையில் அது முடியாது.

ஓவியம் வாத்தியார் எழுதியது:

மழலைத்தந்தைக்கு ஒரு வார்த்தை. ஊற்றுவது பிடிக்கும் என்றால் அதுவே அவன் ஓவியம். கெட்டியான கார்ட்ரிஜ் தாளை முதலில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் கலந்த போஸ்டர் கலரைச் சிறு கரண்டியால் ஊற்றித் தாளைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிறம் இன்னொன்றில் ஓடிப் போய்ச் சேர்வதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். மஞ்சளும் நீலமும் மட்டும் வைத்துத் தொடங்குங்கள், நான்கைந்து நிறம் சேர்ந்தால் சேறாகிவிடும். விரலில் எதுவும் ஒட்டாது. "இது என்ன படம்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பனசங்கரி அக்கா எழுதியது:

முதலில் கேட்ட தங்கைக்கு: பனசங்கரியில் 'தாது' என்ற பொம்மலாட்டக் குழு இருக்கிறது. மரப்பொம்மைகளை நூலில் ஆட்டுகிறவர்கள். புத்தாண்டையொட்டி அவர்கள் நடத்தும் பொம்மலாட்ட விழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் குழுக்கள் வரும். புராணக் கதைகள்தான் பெரும்பாலும். உங்கள் மாமியாருக்குக் கதை முன்பே தெரிந்திருக்கும், பேத்திக்குக் காதில் சொல்லிக்கொண்டே போவார். நவராத்திரிக்கும் பொம்மைகளை விரிவாக அடுக்குவார்கள்.

நவராத்திரி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. இந்த ஊரில் கொலு நமக்கும் உண்டு, கன்னடக்காரர்களுக்கும் உண்டு. கொலுவுக்கு முன்னால் போடும் பூங்கா, குளம், கடைத்தெரு எல்லாவற்றையும் நாங்கள் குழந்தைகளிடமே விட்டுவிடுவோம். கடுகு விதைத்துப் புல் முளைக்க வைப்பதிலிருந்து அட்டைப்பெட்டியில் மெட்ரோ நிலையம் செய்வது வரை ஒரு மாத வேலை அது. எந்த முகாமும் இவ்வளவு நாள் பிள்ளைகளைப் பிடித்து வைப்பதில்லை. மேற்பார்வைக்கு உங்கள் மாமியார் இருக்கிறாரே, வேறு யார் வேண்டும்?

ஒரு நாள் முழுதும் கிடைத்தால் மரப்பொம்மைகளுக்குப் பேர்போன சென்னபட்டணா போங்கள். மைசூர்ப் பாதையில் சுமார் 60 கிலோமீட்டர், ரயிலும் நிற்கும். அங்கே கடைசல் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நம் ஊர் வெட்பாலை மரம்தான். சுழலும் கட்டையில் உளியை வைத்ததும் சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். பிறகு நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும், வெள்ளைக் கட்டை நம் கண்முன்னே சிவப்பாகும். கடைசியில் காய்ந்த தாழை ஓலையை மடித்துப் பிடித்தால் பளபளப்பு வந்துவிடும். பேருக்கு ஒரு பம்பரம் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். நிறம் ஏற்றாத மரப்பொம்மை கிடைக்குமா என்று பட்டறையில் கேளுங்கள். கிடைத்தால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நிறம் தீட்டலாம்.

கே.ஆர். புரம் தமிழன் எழுதியது:

எல்லாம் கன்னட நாடகம், ஆங்கிலப் பயிலரங்கு என்றே போகிறது. பிள்ளைகளுக்குத் தமிழே வாயில் நுழையாமல் போகிறது. தமிழில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் கூட்டிப் போனால் என்ன?

அல்சூர்வாசி எழுதியது:

எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நல்ல நூலகம் உண்டு. இலக்கிய நிகழ்ச்சிகள் நடக்கும்போது குழந்தைகளோடு வாருங்கள். பின்வரிசையில் நரைத்த தலைகளை மட்டுமே பார்த்துப் பார்த்து எங்களுக்கும் ஏக்கமாக இருக்கிறது. குழந்தைகளுக்குக் கதை சொல்லத் தெரிந்த பெரியவர்கள் முன்வந்தால் சங்கத்தாரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஆனால் 'மட்டும்' என்று சொன்னீர்களே, அதை நான் ஏற்கவில்லை. ஏரிக்கருகே வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அதற்கு முன் மொழிச் சண்டையால் வள்ளுவர் சிலை எத்தனை ஆண்டுகள் மூடிக் கிடந்தது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கன்னட நாடகம் பார்த்துக் கன்னடப் பிள்ளைகளோடு சிரித்து வளர்கிற தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. வீட்டுத் தமிழை வீட்டில் காப்பாற்றுங்கள், பாட்டி இருக்கும் வீட்டில் அது தானாகவே நிற்கும்.

கே.ஆர். புரம் தமிழன் எழுதியது:

பாட்டி இல்லாத வீடுகளைப் பற்றித்தான் என் கவலை அண்ணா. எங்கள் வீட்டில் இல்லை. தமிழ்ச் சங்கத்தில் கதை சொல்ல ஆள் வேண்டும் என்றால் நானே வருகிறேன்.

தாளக்கட்டு எழுதியது:

ஓவிய ஆசிரியர் சொன்னதைப் படித்தேன். நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைக்கு ஒரு கலையிலாவது நிலையான ஆசிரியர் இருக்கட்டும். மற்றவை எல்லாம் அதைச் சுற்றி வரட்டும். வகுப்பில் உங்களை வெளியே உட்காரச் சொன்னேன், கச்சேரியில் பக்கத்தில் உட்காருங்கள் என்று சொல்கிறேன். கோடையில் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராம சேவா மண்டலி நடத்தும் ராமநவமி இசைவிழா 1939 முதல் நடந்து வருகிறது. பெரிய பந்தல், பிள்ளை எழுந்து நடந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். நான்கு வயதுப் பையனுக்கு முழுக் கச்சேரி வேண்டாம். தாளக்கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். தாளம் போடக் கற்றுக்கொண்டு போங்கள், நீங்களும்தான். அம்மா தொடையில் தாளம் போடுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு நான் பாதிப் பாடம் நடத்தினால் போதும்.

குந்தலஹள்ளிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மயில் வகுப்பை நிறுத்திவிட்டோம். வாத்தியார் ஐயா சொன்னபடி இன்னொரு வகுப்பின் சுவரைப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் வரைந்த பஸ்கள் ஒட்டியிருந்தார்கள். ஒன்றுக்குச் சக்கரம் ஏழு, இன்னொன்றில் ஓட்டுநர் பஸ்ஸைவிடப் பெரியவர். அங்கே சேர்த்திருக்கிறேன்.

மாமியாரிடம் தோல்பாவை பற்றிக் கேட்டேன். அவர் ஊர்க் கோயில் கொடையில் விடிய விடியப் பார்த்திருக்கிறாராம். சித்ரகலா பரிஷத்துக்கு எப்போது போகிறோம் என்று இரண்டு நாளாக அவர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது அடுத்த ஞாயிறு. அதற்கடுத்த வாரம் ரங்கசங்கராவில் சிறுவர் நாடகம் ஒன்று பார்க்கலாம் என்று நினைக்கிறோம். குந்தலஹள்ளியிலிருந்து எப்படிப் போவது? மகனை உள்ளே விடுவார்களா?

ஜே.பி. நகர் நாடக ரசிகை எழுதியது:

மெட்ரோவில் ஊதாத் தடத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறுங்கள். ஜெயநகரிலோ பனசங்கரியிலோ இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். ஒவ்வொரு சிறுவர் நாடகத்துக்கும் எந்த வயதுக்கு மேல் என்று போட்டிருப்பார்கள். மகனுக்குப் பொருந்துகிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துவிடுங்கள், பொருந்தாவிட்டால் அவனுக்கு ஏற்ற வேறு நாடகம் வரும்வரை காத்திருங்கள். நேரம் விஷயத்தில் மட்டும் கவனம் அக்கா. நாடகம் தொடங்கிவிட்டால் யாராக இருந்தாலும் உள்ளே விடுவதில்லை, கைக்குழந்தை, முதியவர் என்று சொல்லியும் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். அங்குள்ள சிற்றுண்டிச்சாலையில் அக்கி ரொட்டி, அதாவது அரிசிமாவு ரொட்டி கிடைக்கும். மாமியாருக்குக் காரம் ஆகாது என்றால் சொல்லிப் போடச் சொல்லுங்கள்.